புல்லு நட்ட ஊடு

1. வெள்ளிக்கிழமைக் களை

"டாக்டரம்மா, எங்க புல்லையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

செம்மநத்தத்திலிருந்து பழனியம்மாவின் போன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஏற்காட்டில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இது நடந்தபோது பணியில் இருந்தேன். சினை ஊசி போடுவது, தடுப்பூசி போடுவது, தீவனப் பயிர்த் திட்டத்துக்கு விவசாயிகளைச் சேர்ப்பது, இவைதான் என் உத்தியோகம். ஆனால் மாட்டுக்குப் பின்னால் கையுறை மாட்டி நிற்கிற எவரும் மலையில் டாக்டர்தான். வந்த புதிதில் திருத்திப் பார்த்தேன். எனக்குத்தான் வாய் வலித்தது, விட்டுவிட்டேன்.

அன்று காலைதான் எங்கள் கால்நடை மருத்துவர், என் மகன் வயதுக்காரர், என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "மேடம், செம்மநத்தம் மாதிரித் திட்டு போட்டோ சாயங்காலத்துக்குள்ள மேல அனுப்பணும். போர்டும் தெரியணும், புல்லும் தெரியணும்."

"ரெண்டும் தெரியும் சார்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் இந்தப் போன். வழியெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ரோட்டைத் திட்டிக்கொண்டே போனேன். செம்மநத்தம் ரோடு அதற்கு ஏற்ற ரோடுதான்.

போய்ப் பார்த்தால் போர்டு நன்றாகவே தெரிந்தது. 'தீவனப் புல் மாதிரித் திட்டு, பயனாளி பழனியம்மா' என்று பச்சைப் பெயிண்டில் எழுதிய தகரப் போர்டு. ஊரார் பார்த்துப் பழக நான் போட்டுக் கொடுத்த புல் பாத்திக்கு அடையாளம். சாய்ந்திருந்ததை நிமிர்த்திக் கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் போர்டின் நெற்றியில் குங்குமம்கூட வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு பச்சை இல்லை. பெருக்கிவிட்ட வாசல் போல மண் சுத்தமாகக் கிடந்தது.

காட்டோரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வயலைக் காடு என்றுதான் சொல்வார்கள். களையெடுப்புக்குக் கூலி ஆள் வைப்பதில்லை. இன்று உன் காட்டுக்கு நாங்கள் எல்லோரும், நாளை என் காட்டுக்கு நீங்கள் எல்லோரும் என்று ஊரே சேர்ந்து ஒவ்வொரு காடாகச் சுத்தம் செய்யும். அன்று பழனியம்மாவின் ராகிக் காட்டு முறை. அவள் பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருந்த நேரத்தில், ராகியில் களை எடுத்த கையோடு பக்கத்தில் இருந்த என் மாதிரித் திட்டையும் எடுத்து முடித்துவிட்டார்கள்.

தலைமை தாங்கியது பழனியம்மாவின் ஓரகத்தி மாரியாயி. என்னைப் பார்த்ததும் பாராட்டை எதிர்பார்த்து எழுந்து வந்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எந்தப் பாவி கண்ணு பட்டுதோ தெரியலீங்க. இந்த மூலைல ராகியவே காணோம், வெறும் புல்லா மண்டிக் கெடந்துது. அதுவும் பாருங்க, வரிசையா மொளைச்சிருந்துது."

"வரிசையா மொளைச்சிருந்தா யாரோ நட்டிருக்காங்கன்னு தோணலீங்களா?"

மாரியாயி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "புல்ல யாருங்க நடுவாங்க?"

"போர்டுல எழுதியிருக்கே, படிக்கலீங்களா?"

"படிச்சோமுங்க. தீவனப் புல்லுன்னு போட்டிருந்துது. கெவுருமெண்டே புடுங்கச் சொல்லி அடையாளம் வெச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு நெனச்சோம்."

எனக்கு வந்த கோபம் சிரிப்பில் போய் முடிந்தது. போட்டோ எடுத்தேன். போர்டு தெரிந்தது. டாக்டர் சார் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், புல்லு எங்க?" என்று கேட்டார். "களையெடுப்புல போயிடுச்சு சார்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

2. பழனியம்மா ஏன் கேட்டாள்

மாரியாயி கேட்ட கேள்வியில் தப்பில்லை. ராகி, சாமை, காப்பி, மிளகு என்று எதைப் பயிரிட்டாலும் அந்த மக்களுக்குப் புல்லோடு உள்ள உறவு பிடுங்குவது மட்டும்தான். பெண் கொடுக்கப் போகிறவர்கள் ஊட்டை, அதாவது வீட்டை, பார்ப்பதற்கு முன்னால் காட்டைப் பார்ப்பார்கள். புல் இருந்தால் சோம்பேறிக் குடும்பம் என்று பேசாமல் திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய், கம்பு நேப்பியர் என்று ஓர் ஒட்டுப்புல் இருக்கிறது, கரும்பு மாதிரி தண்டைத் துண்டு போட்டுக் கரணை வைத்து நடுங்கள் என்று நான் சொன்னால், காசு கொடுத்துக் கொசு வாங்கச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

பழனியம்மா மட்டும் என் பேச்சைக் கேட்டதற்குக் காரணம் அவளுடைய செவலைப் பசு. கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போய், புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்தது. அது பிறந்தபோது கால் மடங்கி மாட்டிக்கொண்டது. நானும் அவளும்தான் கயிறு போட்டு இழுத்தோம். எனக்கும் அதன் மேல் ஒரு பாசம் உண்டு, மறைப்பானேன். அந்த ஊட்டில் காடு மாமனார் பேரில் இருந்தது, மிளகுக் கொடி கணவர் கணக்கில் இருந்தது. இவளுடையது என்று இருந்தது அந்தப் பசு ஒன்றுதான்.

முன்பெல்லாம் கீழே எஸ்டேட்டுக்குள் போய்ப் புல் அறுத்துக்கொண்டு வருவாள். எஸ்டேட்டில் களைக்கொல்லி அடிக்க ஆரம்பித்த பிறகு அது நின்றது. மருந்து பட்ட புல்லை மாட்டுக்குப் போட முடியுமா? வனத்துக்குள் போகலாம் என்றால் காட்டெருமை பயம். சேலத்திலிருந்து லாரியில் வரும் வைக்கோல் வயிற்றை நிரப்பும், பால் தராது. பசுவின் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிய ஆரம்பித்தது.

அவள் கணவர் செல்வராசு கெட்டவர் இல்லை. கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் நிழல் மரத்துக்குக் கிளை கழிக்கிற வேலை, மீதி நேரம் சொந்தக் காடு. அதிகம் பேசமாட்டார். அவரை ஒத்துக்கொள்ள வைக்க நான் எடுத்த பாடு கொஞ்சமில்லை. ஒருதரம் நட்டால் பல வருசத்துக்கு உழவு இல்லை, நடவு இல்லை என்றேன். பால் கூடும் என்றேன். சாணம் கூடும், ராகிக்கும் மிளகுக்கும் எரு ஆகும் என்றேன். எல்லாவற்றுக்கும் "செரிங்க மேடம்" என்றார். மலையில் "செரிங்க" என்றால் சரி என்று பொருள் இல்லை, பேசி முடியுங்கள் என்று பொருள். கடைசியில் பழனியம்மாதான் என்னவோ சொல்லிச் சம்மதிக்க வைத்தாள்.

அந்தப் புல்லைத்தான் ஊரே சேர்ந்து பிடுங்கியது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அது தானாக முளைத்ததில்லை, செல்வராசு ஊட்டில் நட்டது என்று தெரிந்ததும் ஒரே கிண்டல். மஞ்சக்குட்டைக்குப் போகிற ஷேர் ஜீப்பில் அவர் ஏறினால், "புல்லு நட்ட ஊட்டுக்காரரு வந்துட்டாரு, தள்ளி ஒக்காருங்கப்பா" என்பார்களாம். மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்த முறை நான் போனபோது வாசலிலேயே சொல்லிவிட்டார். "மேடம், கோவிச்சுக்காதீங்க. இனி இந்தக் காட்டுல புல்லு நடக்கூடாதுன்னு பழனிகிட்டச் சொல்லிட்டேன். அவளும் செரின்னுட்டா. தையில தரகரு வராரு. மாட்டக் குடுத்துடலாம்னு பேசியாச்சு."

பழனியம்மா உள்ளே அடுப்புப் பக்கம் இருந்தாள். திரும்பவில்லை. எனக்கு நாக்கு வரைக்கும் ஒரு பத்து வார்த்தை வந்தது. அது அவர்கள் ஊட்டு விவகாரம், விழுங்கிக்கொண்டேன். வண்டியில் வரும்போது அழுகை வந்தது. பணியில் சேர்ந்து இத்தனை வருசம் ஆகியும் ஒரு மாட்டுக்காக ரோட்டில் அழுகிறேனே என்று என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

3. காடு ஒரு மாதிரியா இருக்குது

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கொண்டை ஊசி வளைவுகளில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. வெயில் எட்டிப் பார்த்த அன்றைக்குச் செல்வராசுவே எனக்குப் போன் செய்தார். அதுவரை அவர் எனக்குப் போன் செய்ததே கிடையாது.

"மாட்டுக்கு என்னங்க?" என்றேன் எடுத்ததுமே.

"மாடு நல்லாருக்குதுங்க. காடுதான் ஒரு மாதிரியா இருக்குது. வந்து பாக்கறீங்களா?"

காட்டுக்கு வைத்தியம் பார்க்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. போனேன்.

அங்கே மண் ஏற்றுவது என்று ஒரு வேலை உண்டு. சரிவான காடு, மழை பெய்தால் மேல்மண் எல்லாம் வழிந்து கீழே வந்துவிடும். பாதி ஓடையோடு போகும். கீழ் ஓரத்தில் தங்கிய மீதியை, மழை ஓய்ந்ததும் குடும்பமே கூடையில் அள்ளித் தலையில் வைத்து மேலே சுமந்து போய்க் கொட்டும். கல் வரப்பு போட்டுப் பார்த்தார்கள், நாலு மழைக்குச் சரிந்தது. ஆகவே வருசா வருசம் அதே மண்ணை அதே தலையில் சுமந்தார்கள். செல்வராசு கழுத்தைத் திருப்பும்போது உடம்பையே திருப்புவதற்குக் காரணம் அதுதான். நானோ அவர் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் அப்படி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டின் கீழ் ஓரத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார், பழனியம்மா பக்கத்தில் நின்றாள். பக்கத்துக் காட்டில் மழை போட்ட வாய்க்காலில் கல்லெல்லாம் பல்லிளித்துக்கொண்டு தெரிந்தது. இவர் காட்டின் ஓரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, இடுப்பு உயரத்துக்குத் தளதளவென்று ஒட்டுப்புல். நான் கொடுத்த அதே கம்பு நேப்பியர். மேலிருந்து வந்த மண் அதன் அடியில் முட்டி, படிக்கட்டு போல நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் தண்டுகளுக்கு இடையில் தெளிவாகக் கசிந்து ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

செல்வராசு ஒரு குச்சியை அந்த மண்ணில் குத்தினார். முழங்கை வரை இறங்கியது.

"இது எப்படி இங்க வந்துது? நான் நடலையே" என்று பழனியம்மாவைப் பார்த்தார்.

"நானும் நடலீங்க" என்றாள் அவள்.

"அப்பறம்?"

"அன்னிக்கு அவங்க புடுங்குன புல்ல, களையோட களையா இந்த ஓரத்துல வரிசையாக் கொட்டிட்டுப் போனாங்க. நான் தண்ணிக்குப் போற வழி இதுதானுங்க. போகும்போது வரும்போது மிதிச்சேன்."

"மிதிச்சியா?"

"நடக்கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. மிதிக்கக்கூடாதுன்னு சொல்லலியே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மழை ஈரத்தில் கிடக்கிற கரணையை மண்ணில் அழுத்தினால் கணுவில் வேர் விட்டுவிடும். அதைத்தான் நான் அவளுக்கு நடவு என்று கற்றுக் கொடுத்திருந்தேன். கையால் செய்தால் நடவு, காலால் செய்தால் நடை. கணவருக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை, புல்லும் தப்பிவிட்டது. ராகி வளர்ந்து மறைத்துக்கொண்டதால் மேலே நின்று பார்த்தவருக்கு எதுவும் தெரியவில்லை.

செல்வராசு சிரிக்கவில்லை. குச்சியை உருவித் துடைத்துவிட்டு, "இது புல்லு இல்லீங்க மேடம்" என்றார்.

"வேற என்னங்க?"

"வரப்பு."

அந்த ஒரு சொல்லைச் சொன்ன பிறகு அவர் முகமே மாறிவிட்டது. நான் அவரிடம் பேசிய பேச்சில் பத்தில் ஒரு பங்கைக்கூட அதுவரை காதில் வாங்காதவர், அன்று அவராகக் கேள்வி கேட்டார்.

"இதே மாதிரி மேல இன்னும் ரெண்டு வரி போட்டா, மண்ணு அங்கங்கயே நின்னுக்குங்களா?"

"நிக்குமுங்க. சரிவுக்குக் குறுக்கா, தண்ணி மட்டம் பார்த்துப் போடணும். இதோட வேரு கீழ எறங்கி மண்ணைக் கட்டிப் புடிச்சுக்கும். வருசா வருசம் உழுது கெளறாததால வேரு அப்படியே இருக்கும். மழைத் தண்ணியும் ஓடாம உள்ள எறங்கும். கல்லு வரப்பு சரிஞ்சா நீங்கதான் கட்டணும், இது தன்னால தூர் கட்டிக்கும்."

"கரணைக்கு ஆபீசுக்கு வரணுங்களா?"

"எதுக்கு? உங்க வரப்புலயே இருக்குது. முத்துன தண்ட ரெண்டு கணு இருக்கற மாதிரி துண்டு போடுங்க. ஊடால வேலிமசால் வெத நான் தரேன். அது பயறு மாதிரி, மண்ணுக்குச் சத்து சேர்க்கும். ஆனா ஒண்ணு, ஒன்றரை மாசத்துக்கு ஒருக்கா தரையில இருந்து ஒரு சாண் விட்டு அறுத்துடணும். விட்டா ஆளுயரம் போய் ராகிக்கு நெழல் கட்டிடும், தண்டும் கட்டை தட்டிடும்."

"செரிங்க" என்றார். இந்தச் "செரிங்க" வேறு மாதிரி இருந்தது.

4. எல்லோருக்கும் வரப்பு

கிண்டல் செய்தவர்கள் வந்து பார்த்தார்கள். மாரியாயி மண்ணில் காலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "எங்க காட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க டாக்டரம்மா" என்றார்.

"புல்லுங்களா?" என்றேன் வேண்டுமென்றே.

"அதெல்லாம் வேண்டாமுங்க. வரப்பு போட்டுக் குடுங்க."

அந்த வாரத்தில் ஒருநாள் டாக்டர் சார் குழப்பத்தோடு கூப்பிட்டார். "மேடம், செம்மநத்தத்துல இருந்து ஒரு கூட்டமே வந்திருக்கு. வரப்புக் கரணை வேணுமாம். நாம எப்ப மேடம் வரப்பு குடுத்தோம்?"

"நாம குடுக்கல சார், அவங்களே பேரு வெச்சுக்கிட்டாங்க. இருக்கிற கரணையெல்லாம் குடுத்துடுங்க."

அவர் புத்திசாலி, அதற்கு மேல் கேட்கவில்லை. நிழல் விழுகிற இடத்துக்கு கினியாப் புல் கொடுக்கச் சொன்னது அவர் யோசனைதான். நேப்பியருக்கு வெயில் வேண்டும், சில்வர் ஓக் மர நிழலில் சோம்பி நிற்கும். கினியாப் புல் நிழலிலும் தழைக்கும். பெயர் என்ன என்று வாங்கியவர்கள் கேட்டதற்கு, "நெழல் வரப்பு" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஊரில் வரப்பு பச்சை கட்டியது. ஓடைத் தண்ணீரில் கலங்கல் குறைந்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் முழுச் சந்தோஷம் இல்லை. செல்வராசு மேலே இரண்டு வரி போட்டார், வேலிமசால் விதைத்தார், எல்லாம் செய்தார். பசுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தரகரிடம் சொன்ன சொல் சொன்னபடியே நின்றது. பழனியம்மாவும் கேட்கவில்லை. அவள் ஒருதரம் வழி கண்டுபிடித்தாள், இதற்கு வழி இல்லை போல.

5. தை

தையில் தரகர் குப்புசாமி குட்டி லாரியோடு வந்தார். வாங்குவதற்கு முன்னால் சினை பார்க்க வேண்டும் என்று என்னையே கூப்பிட்டிருந்தார். என் உத்தியோகத்தில் இதைவிடக் கசப்பான வேலையை நான் செய்ததில்லை. கையுறை மாட்டிப் பார்த்தேன். சினை. வரப்பில் அறுத்த புல்லில் மாடும் தேறியிருந்தது, விலா எலும்பு மூடி முதுகு பளபளத்தது.

"சினைங்களா? நொம்ப சந்தோசமுங்க" என்று குப்புசாமி கையோடு கொண்டு வந்த புதுக் கயிற்றைப் பசுவின் கழுத்தில் போட்டார். பழனியம்மா தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கை கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது காட்டுப் பக்கமிருந்து செல்வராசு வந்தார். தலையில் ஒரு பெரிய கட்டு, அப்போதுதான் அறுத்த ஒட்டுப்புல். பசுவின் முன்னால் போட்டார். புதுக் கயிறு கழுத்தில் இருப்பதெல்லாம் அதற்குத் தெரியவில்லை, மொடுக் மொடுக்கென்று தின்ன ஆரம்பித்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே உடம்போடு தரகர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க குப்புசாமியண்ணா, இதாட்டம் காட்டுல இன்னும் நெறைய நிக்குது."

"நிக்கட்டுமுங்க. அதுக்கு என்ன இப்ப?"

"இன்னிக்கு அறுத்தா ஒன்றரை மாசத்துல மறுக்கா நிக்கும். அறுக்காம உட்டா ராகி போயிரும்."

"செரி, அறுங்க."

"அறுத்து?" என்றார் செல்வராசு. "மாடு போயிட்டா வரப்ப யாருங்க திங்கறது?"

குப்புசாமிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, இவரு என்னுங்க சொல்றாரு? சொல்லு குடுத்தாருங்களே."

"குடுத்தவன் நாந்தானுங்கண்ணா" என்றார் செல்வராசு. "அப்ப எனக்கு வரப்பு இல்ல. இப்ப மாடு இல்லீன்னா வரப்பு இல்ல, வரப்பு இல்லீன்னா மண்ணு இல்ல. மறுக்கா மண்ணு சொமக்க என் கழுத்துல தெம்பு இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

பழனியம்மா தூணை விட்டுவிட்டு வந்தாள். பசுவின் கழுத்திலிருந்த புதுக் கயிற்றைக் கழற்றப் பார்த்தாள், முடிச்சு வரவில்லை. செல்வராசு குனிந்து அவிழ்த்துக் கொடுத்தார். அவள் அதை நன்றாகச் சுருட்டிக் குப்புசாமியிடம் நீட்டினாள்.

"அண்ணா, டீ குடிச்சுட்டுப் போங்க."

குப்புசாமி கயிற்றை வாங்கிக்கொண்டு டீயும் குடித்தார். போகும்போது லாரியில் ஏறப் போனவர் இறங்கி வந்து, அந்த வரப்பில் நாலு கரணை கிடைக்குமா என்று கேட்டு வாங்கிப் போனார்.

என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பெண் சில சமயம் போன் செய்து, ஊருக்குள் போனால் எந்த நன்மையை முதலில் சொல்வது என்று கேட்பாள். பாலா, எருவா, மண் அரிப்பா, நிலத்தடி நீரா? எல்லாம் உண்மைதான் கண்ணு, எதையும் முதலில் சொல்லாதே என்பேன். நான் செல்வராசுவிடம் மாட்டுக்காகப் புல் நடுங்கள் என்று மன்றாடினேன். அவர் புல்லுக்காக மாட்டை வைத்துக்கொண்டார். போய் உட்கார், அந்த ஊட்டில் எதைச் சுமந்து சுமந்து கழுத்து வலிக்கிறது என்று பார். அதை இறக்கி வைக்கிற பயிரைக் கொடு. பேர் அவர்களே வைத்துக்கொள்வார்கள்.